ஒரே எடை

கோடு படுத்தே கிடந்தது. திரையின் இடது ஓரத்தில் கிளம்பி, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நகர்ந்து வந்தது. தமயந்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்துக்குள் போயிருப்பது ஆதிரையின் சிறுநீர், ஒரு துளியின் துணுக்கு. ஆதிரை தங்கை செண்பகத்தின் பிள்ளை, ஒன்பது மாதம், கழுத்து நிற்கவில்லை. நின்ற கழுத்துதான். ஐந்தாம் மாதத்துக்குள் முகம் பார்த்துச் சிரித்தது, குப்புற விழுந்தது, கையை ஊன்றித் தலையைத் தூக்கியது, அப்புறம் இரவல் வாங்கிய சாமான்களைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கடைசியாகச் சிரிப்பும் போயிற்று. இப்போது அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்த துணுக்கு ஒரு நீளமான உலோகக் குழாய்க்குள் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் குழாய்க்கு ‘column’ என்று பெயர், அதைத் தமிழில் எழுதினால் ‘காலம்’ என்றுதான் எழுத வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதை வைத்து வருஷக்கணக்கில் ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: காலம் அடைச்சுக்கிச்சு, காலம் கெட்டுப்போச்சு, பழைய காலம் மாதிரி வருமா. இன்று காலையில் தமயந்தி பழைய காலத்தைக் கழற்றிவிட்டுப் புதிய, நீளமான காலத்தை மாட்டினாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை, அவளைத் தவிர அங்கே இருந்தது இயந்திரத்துக்குப் பொறுப்பாளரான பெலிக்ஸ் சார் மட்டும்தான். திரையின் கீழ் விளிம்பில் அவள் மார்க்கரால் இரண்டு புள்ளிகள் வைத்திருந்தாள். முதல் புள்ளி சக்சினிக் அமிலம் வெளியே வரும் இடம். இரண்டாவது புள்ளி மெத்தில்மலோனிக் அமிலம் வரும் இடம். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. கோடு முதல் புள்ளிக்கே இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டும் ஒரே எடை. அதுதான் வினை. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. எடை பார்க்கும் இயந்திரத்திடம் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் அது சொல்லும், பாவம், அதற்கு எடையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தமயந்திக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். உடம்பின் புரதங்களில் சின்னச் சின்ன ஒட்டுகள் விழுவதைப் படிப்பதுதான் அவள் வேலை. புரதச் சங்கிலியில் லைசின் என்று ஒரு கண்ணி, நேர்மின்னூட்டம் உள்ளது, அதன்மேல் சக்சினிக் அமிலத்தின் துண்டான சக்சினைல் போய் உட்கார்ந்தால் அது அப்படியே எதிர்மின்னூட்டமாகப் புரண்டுவிடும், புரதம் வளையும், வேலையை நிறுத்தும். கொஞ்சம் உட்கார்ந்தால் உடம்பு தானே துடைத்துவிடும். மாரடைப்பு வந்த இதயத்தில், சில பிறவி நோய்களில், துடைக்கத் துடைக்க வந்து உட்காரும். ஆறு வருஷமாக எலி இதயத்தில் அவள் எண்ணிக்கொண்டிருப்பது அந்த ஒட்டைத்தான். ஒட்டு விழுந்த இடத்தில் எடை நூறு கூடும். நூறு என்றால் சக்சினைல். அந்த ஆய்வுக்கூடத்தில் நூறுக்கு வேறு அர்த்தமே கிடையாது, யாராவது ‘நூறு வந்திருக்கு’ என்றால் காபி வாங்கிக் கொடுப்பார்கள். போன வாரம் ஆதிரையின் இரத்தப் புரதங்களில் பார்த்த இடமெல்லாம் நூறு. பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். சக்சினைல் குவிகிறது, அதைச் செலவழிக்கும் நொதி பிறவியிலேயே பழுது, அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் வந்த பழுது. மருத்துவருக்கு முன்னால், ஜீன் பரிசோதனை முடிவுக்கு முன்னால், முந்திரிக்கொட்டை மாதிரி அவள் செண்பகத்துக்குப் போன் பண்ணினாள். “இதுக்கு மருந்து கிடையாது செம்பா. மனசத் தேத்திக்க.” மறுமுனையில் செண்பகம் அழவில்லை. “சரிக்கா” என்றாள். விலை படியாத சேலையை மடித்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறவளின் குரலில் சரிக்கா என்றாள்.

அந்த ‘சரிக்கா’ ஒரு வாரமாகக் காதுக்குள் கிடக்கிறது. கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இல்லை, அவள்தான் தலையைச் சாய்த்திருக்கிறாள். ஏசிக் காற்று பிடரியில் அடித்தது, பம்ப் ஒரே சுருதியில் முனகியது, எங்கோ நைட்ரஜன் கசிகிற மெல்லிய சீறல், அந்தச் சீறலுக்கு அடியில் தறிச் சத்தம். அருப்புக்கோட்டையில் பிறந்தவர்களுக்கு எந்த இயந்திரத்தின் அடியிலும் தறிச் சத்தம் கேட்கும். சீனிராஜின் கொட்டகையில் எட்டுத் தறி. சீனிராஜ் அம்மாவின் கடைசித் தம்பி. அறுத்துப் போட்ட கலர் நூல் துண்டுகளையெல்லாம் சேர்த்து, பின்னி, சின்ன வயதில் அவளுக்கு ரிப்பனாகக் கொடுத்தவர். அவளுக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள், அவள் பிறந்த வீட்டிலேயே, தொட்டிலுக்கு மேலேயே பேசி வைத்த பேச்சு. வரிசைத் தட்டு வந்த அன்று அவள் கூடத்தின் நடுவில் நின்று பாடம் நடத்தினாள். பாடம்தான். சொந்த இரத்தத்தில் கட்டினால் ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வரும், பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்றாள். கரும்பலகை மட்டும்தான் இல்லை. அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப நம்ம ரத்தம் கெட்ட ரத்தமா பாப்பா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் “ஆமா” என்றாள். ஆமா இல்லை என்பதற்கு நடுவில் எத்தனை சொற்கள் இருந்தன, ‘வாய்ப்பு கூடுதல்’ என்று சொல்லியிருக்கலாம், ‘எல்லாருக்கும் வராது’ என்று சொல்லியிருக்கலாம். அப்போது அடுக்களையிலிருந்து செண்பகம் ஈரக் கையோடு வந்து, “நான் கட்டிக்கிறேன்” என்றாள். அம்மா தமயந்தியோடு ஒரு வருஷம் பேசவில்லை. தமயந்தி சீனிராஜோடு ஆறு வருஷமாகப் பேசவில்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் போயிற்று. மாமா என்றால் அது அம்மாவின் தம்பி. மாமா என்றால் அது கட்டிக்கொள்கிறவர். செண்பகம் மூன்று வயதில் கூப்பிட்ட அதே சொல்லால்தான் இன்றைக்கும் புருஷனைக் கூப்பிடுகிறாள், அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. தமயந்திக்கு மட்டும் அந்தச் சொல் தொண்டையில் நின்றுகொண்டது. ‘உங்க வீட்டுக்காரர்’ என்பாள். ‘அவங்க’ என்பாள். போன மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பெரிய டாக்டரிடம் வந்தபோதும் அவர் ஆய்வுக்கூடத்துக்குள் வரவில்லை, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பால் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள், இறங்கிப் போகவில்லை.

கோடு அசைந்தது. முதல் புள்ளி. ஏறு, என்று ஒரு குரல் சொன்னது, ஏறாதே, என்று இன்னொன்று. முதல் குரல் யாருடையது? அதைத்தான் அவள் ஒரு வாரமாகப் பார்க்காமல் தவிர்த்து வருகிறாள். போன ஞாயிறு அந்த நூறுகளைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்தது உண்மை, கண் கலங்கியது உண்மை, ஆனால் அவற்றுக்கெல்லாம் ஒரு நொடி முன்னால், ஒரே ஒரு நொடி, ‘நான் சொன்னேனா இல்லையா’ என்று ஒன்று உள்ளே எழுந்து உட்கார்ந்தது. தூ. ஒரு பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது, இவளுக்குச் சரியாகச் சொன்ன பெருமை. அதனால்தானே சரி பார்க்கவில்லை? வேறு யாருடைய சாம்பிளாக இருந்தாலும் இரண்டாவது முறை ஓட்டியிருப்பாள், கேள்வி கேட்டிருப்பாள். இவளுக்கு விடை ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே கைவசம் இருந்தது. பெரிய டாக்டரும் அப்படித்தான். சொந்தத்தில் கல்யாணமா என்றார், ஆமாம் என்றதும் பேனாவை எடுத்தார், அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கோடு மெல்ல மேடேறியது, சின்ன மேடு, பூரி உப்புமா உப்பாதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள், உப்பவில்லை. வடிந்து மறுபடி தரைக்கு வந்தது. அந்த அளவு சக்சினிக் அமிலம் எல்லாருக்கும் உண்டு. அவளுக்கும் உண்டு, பெலிக்ஸ் சாருக்கும் உண்டு. அப்படியென்றால், அப்படியென்றால் என்று மனசு ஓடத் தொடங்கியதும் அவள் அதைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்னும் இரண்டு விரல் இருக்கிறது.

“மேடம், அடுத்த ஸ்லாட் பெங்களூர்காரங்களுக்கு. வந்துட்டே இருக்காங்க.” பெலிக்ஸ் சார் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினார். கண் திரையின் விளிம்புக்குப் போயிற்று. “மானிட்டர்ல புள்ளி வச்சிருக்கீங்க?”

“அழிச்சிருவேன் சார்.”

“எலி சாம்பிளா?”

“இல்ல சார்” என்றாள். அவர் தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

நேற்று செண்பகம் பேசியதில்தான் இந்தச் சந்தேகமே கிளம்பியது. ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் துக்கத்தை ஊர்க்கதைக்குள் ஒளித்துத்தான் பேசுவாள். பேச்சியம்மன் கோயிலில் பிள்ளைக்கு முடியிறக்கணும், தாய்மாமன் மடியில உக்காத்தி இறக்கணும், நமக்கு அண்ணனா தம்பியா, பெரியப்பா மகன் குவைத்துலேருந்து மாசியிலதான் வருதாம். “அதுவரைக்கும் நான் வாயக் கட்டணும்ல” என்றாள். அந்தச் சொல்லில் தமயந்தி தடுக்கி விழுந்தாள். வாயைக் கட்டணும். எத்தனை நாளாக வாயைக் கட்டியிருக்கிறாய் என்று கேட்டாள். பிள்ளை இல்லை பிள்ளை இல்லை என்று அழுத காலத்தில் வேண்டிக்கொண்டதாம், பிள்ளை பிறந்து முடியிறக்கும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று, நாலு வருஷமாகிறதாம். மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை. பால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றினாலும் வாசலில் கொண்டுபோய்த் துப்புவாள், வரக்காப்பிதான் குடிப்பாள். மோர்கூட வாடை என்பாள். பிள்ளையோ கூழ் கொடுத்தால் துப்புகிறது, இன்றைக்கு வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். இதெல்லாம் தமயந்திக்குத் தெரியாததா? ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். மெத்தில்மலோனைலைச் சக்சினைலாக மாற்றுகிற நொதி ஒன்று உண்டு, பி12 வைட்டமின் கையில் இல்லாவிட்டால் அது ஓடாது, மெத்தில்மலோனைல் தேங்கும், தேங்கினால் அதுவும் புரதத்தில் போய் ஒட்டும், ஒட்டினால் எடை நூறு கூடும். மாணவர்களுக்கு அவளே நடத்துகிற பாடம். பி12 மீனிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கிறது. பேச்சியம்மனுக்கு வேண்டிக்கொண்டவளிடம் இருக்காது.

கோடு நிமிர்ந்தது. இரண்டாவது புள்ளிக்கு நேர் மேலே, ஒரு தயக்கமும் இல்லாமல், எழுந்து, எழுந்து, திரையின் உச்சியைத் தொட்டு, அளவுகோல் தானே சுருங்கி இடம் கொடுக்க, அதற்கும் மேலே எழுந்தது. தமயந்தி எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் உருண்டு அலமாரியில் இடித்தது. மெத்தில்மலோனிக். சக்சினைல் இல்லை. ஒரு வாரமாக அவள் செண்பகத்துக்குக் கொடுத்த சாவு பொய். சந்தோஷம் வந்தது, நிஜமான சந்தோஷம், அதன் வால் நுனியில் ஒரு சின்ன ஏமாற்றமும் வந்தது, அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள், கண்டு அருவருத்தாள். ஆனால் உடனே பயம். அந்த நொதியே பிறவிப் பழுதாக இருந்தால்? அதுவும் உண்டு, அதுவும் இரண்டு பக்கமிருந்தும் வருவதுதான், அதிலும் இதே மலை இதே இடத்தில்தான் எழும். மாமாவின், இல்லை, ‘அவங்க’ இரத்தம். மறுபடி அதே கூடம், அதே கேள்வி. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குச் செண்பகத்திடமும் ஒரு சாம்பிள் வாங்கி வைத்திருந்தாள், எலிகளோடு பழகிய புத்தி, ஒப்பீடு இல்லாமல் எதையும் தொடாத புத்தி, வாங்கி ஃப்ரீசரில் வைத்ததோடு சரி. பழுதை ஒரு பக்கம் மட்டும் சுமக்கிற தாய்க்கு இந்த அமிலம் ஏறாது. ஏறினால் அது பரம்பரை இல்லை, சாப்பாடு.

ஃப்ரீசரிலிருந்து செண்பகத்தின் சின்னக் குப்பியை எடுத்தாள். பெலிக்ஸ் சாரிடம் போய் நின்றாள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். என் தங்கச்சியோடது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெங்களூர்காரர்களுக்குப் போன் போட்டு, “காலம் சரியில்ல, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க” என்றார். புதுக் காலம், இன்று காலையில் மாட்டியது. அந்தப் பழைய நகைச்சுவை அன்றுதான் முதல்முறையாக யாருக்கோ உபயோகப்பட்டது.

மறுபடி கோடு. மறுபடி தரை. முதல் புள்ளியைத் தாண்டுவதற்குள் அவள் செண்பகத்தின் உடம்பை முழுக்க ஞாபகத்தில் தடவிப் பார்த்துவிட்டாள். ‘காலு மதமதன்னு இருக்குக்கா, செருப்புக் கழண்டு விழுறதுகூடத் தெரியல’ என்று எப்போது சொன்னாள், பொங்கலுக்கா? பிரசவ அலுப்பு என்று தமயந்தி சொன்னாள். நாக்கு வெந்துபோன மாதிரி எரிகிறது என்றாள், காரம் குறைத்துச் சாப்பிடு என்றாள் இவள். பிள்ளைக்கு விரல் கணு எல்லாம் கறுத்துப் போச்சு, முடி செம்பட்டையாப் போச்சு என்றாள், அதற்கு அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள், தமயந்தி சிரித்தாள். அவள் சிரித்ததற்கு அம்மா சுற்றிப்போட்டதே மேல், அம்மாவாவது பிள்ளையைப் பார்த்தாள். மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. செம்பா. இந்நேரம் அவள் கூப்பிடமாட்டாள், இது பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரம். போன் மேசை விளிம்பை நோக்கி அதிர்ந்து நகர்ந்தது. கோடு இரண்டாவது புள்ளியை நோக்கி நகர்ந்தது. எதற்குக் கூப்பிடுகிறாள்? எடுத்து, அவள் அழுதால்? அழாமல் அந்த ‘சரிக்கா’வை மட்டும் சொன்னால்? போன் நின்றது. உடனே மறுபடி அடித்தது. எடுத்தாள்.

“அக்கா, பிள்ளைக்குக் கையும் தலையும் வெடவெடன்னு ஆடுதுக்கா. காலையிலருந்து பால் குடிக்க மாட்டேங்குது. தூங்கித் தூங்கி விழுகுது. எனக்கு என்னமோ...” அவள் முடிக்கவில்லை. பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“மூச்சு விடுதா செம்பா? கூப்பிட்டா கண்ணத் தெறக்குதா?”

“தெறக்குது. தெறந்து மூடிக்கிருது. நீ சொன்னது இதானாக்கா?”

நீ சொன்னது. தமயந்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அப்போது கோடு எழுந்தது. பிள்ளையின் மலை அளவுக்கு இல்லை, ஆனால் மலைதான், ஆரோக்கியமான மனுஷிக்கு அந்த இடத்தில் ஒரு கொசு உட்கார்ந்த அளவுகூட இருக்கக் கூடாது. இரண்டாவது புள்ளிக்கு நேர் மேலே செண்பகத்தின் நாலு வருஷம் எழுந்து நின்றது. தமயந்திக்குக் கண் மறைத்தது. கண்ணைத் துடைக்காமலே பேசினாள். “நான் சொன்னது தப்பு செம்பா. நான் சொன்னது அம்புட்டும் தப்பு. இதுக்கு மருந்து இருக்கு. ஊசி. பிள்ளைக்கும் ஊசி, உனக்கும் ஊசி. இப்பவே கிளம்பணும். வீட்ல முட்டை இருக்கா?”

“முட்டையா?” செண்பகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அது... நான் விரதம்லக்கா.”

“தெரியும். பேச்சியம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். முடி எப்பனாலும் இறக்கிக்கலாம். போன அவங்ககிட்ட...” நிறுத்தினாள். தொண்டையில் நின்றது ஆறு வருஷமாக நிற்கிற அதே சொல். “போன மாமாகிட்ட குடு.”

மறுமுனையில் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், தறிச் சத்தம் பெரிதாகிக் காதை அடைத்தது. யாரோ சுவிட்சை அணைக்க ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. போனுக்குள் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார், முதலில் பேசுகிற உரிமை தனக்கு இல்லை என்பதுபோல.

“மாமா” என்றாள்.

“சொல்லு பாப்பா.”

சொன்னாள். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், தாய்க்கும் பிள்ளைக்கும் பி12 இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு உடனே ஊசியைத் தொடங்கச் சொல்ல வேண்டும், அவர் யோசித்தால் தன் நம்பரைக் கொடுக்க வேண்டும், முதல் நாளிலேயே ஆட்டம் நிற்காது, கொஞ்சம் கூடக்கூடச் செய்யும், பயந்துவிடக் கூடாது, மெதுவாகத்தான் எல்லாம் திரும்பும். அவர் தறிக்கு உதிரி பாகம் கேட்டு வாங்குகிறவரைப்போல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பி பன்னெண்டு. ரெண்டு பேருக்கும். ஆட்டம் உடனே நிக்காது. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். அப்ப இது...” மறுபடி செருமினார். “நம்ம ரத்தத்துனால இல்லியா?”

திரையில் கோடு தரைக்கு இறங்கி, வேலை முடிந்து நீண்டு கிடந்தது. “இல்ல மாமா” என்றாள் தமயந்தி. “நம்ம ரத்தத்துனால இல்ல.”

அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். அதைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்க வேண்டும், காற்றும் செருப்பும் மூச்சும் ஒன்றாகக் கேட்டன. ஓய்ந்த தறிகளுக்கு நடுவில், எட்டுத் தறி ஓடும்போது கத்துகிற அதே குரலில் அவர் கத்துவது சென்னை வரைக்கும் கேட்டது.

“செம்பகம், பிள்ளையத் தூக்கு. நம்ம ரத்தத்துனால இல்லியாம்.”